கொக்கு ஏன் இளைத்தது? பத்துச் சாட்சிகள் பற்றிய ஓர் ஆய்வு

மலேசியாவில் வளர்ந்த ஒருவரிடம், அவர் வங்கி மேலாளரோ லாரி ஓட்டுநரோ, கொக்கு ஏன் இளைத்துப்போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சமும் யோசிக்காமல் மீன் மேலே வரவில்லை என்பார். மீன் ஏன் வரவில்லை? புல் நீண்டு கிடக்கிறது. இப்படியே கேட்டுக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்துக்குள் பாம்பு வரைக்கும் வந்து நிற்பார். ‘பாங்காவ் ஓ பாங்காவ்’ என்கிற மலாய்க் குழந்தைப் பாட்டு இந்நாட்டு மக்களின் மண்டைக்குள் தேசிய கீதத்துக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கிறது. ஆனாலும் ஒரு பறவையின் உடல்நலம் தொடர்பான இவ்வளவு பெரிய விவகாரத்துக்கு இன்றுவரை ஓர் ஆணைக்குழு அமைந்ததில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக் களம் செராஸ். காரணம் உண்டு. கோலாலம்பூரின் தென்கிழக்கே, கொஞ்சம் கூட்டரசுப் பிரதேசத்திலும் கொஞ்சம் சிலாங்கூரிலுமாக நீண்டு கிடக்கும் இந்த வட்டாரம் இன்னும் மைல் கணக்கில்தான் வாழ்கிறது. நாடு கிலோமீட்டருக்கு மாறிப் பல்லாண்டு ஆகியும் ஒன்பதாவது மைல், பதினோராவது மைல் என்றுதான் பேச்சு. பழைய ஆட்கள் வாயில் ‘ஒன்பதாங்கட்டை’. 2017-இல் எம்.ஆர்.டி. ரயில் வந்தபோதுகூட ஒரு நிலையத்துக்கு ‘பத்து 11 செராஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். (‘பத்து’ என்றால் மலாயில் கல், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே வெளியூர்த் தமிழர் குழம்பினால் அது அவர் தலையெழுத்து.) ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கொண்டே போகிற பாட்டை ஆராய, ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கொண்டே போகிற ஊரைவிடப் பொருத்தமான இடம் ஏது?

முதலில் வழக்கின் சுருக்கம். கொக்கு இளைத்ததற்குக் காரணம் மீன். மீன் மேலே வராததற்குப் புல். புல் வளர்ந்ததற்கு அதை மேயாத எருமை. எருமைக்கோ வயிற்றுவலி. வயிற்றைக் கேட்டால் வேகாத சோறு என்கிறது. சோறு ஈர விறகைக் காட்டுகிறது. விறகு மழையைக் காட்டுகிறது. மழை, தன்னைத் தவளை கூப்பிட்டது என்கிறது. தவளை, பாம்பு தன்னைத் தின்ன வருகிறது என்கிறது. பத்தாவது சாட்சியான பாம்பிடம் ஏன் என்று கேட்டால், தவளை என் தீனி, வேறென்ன செய்ய என்பதோடு விசாரணை முடிகிறது. தீர்ப்பு இல்லை. கொக்குக்கு நிவாரணமும் இல்லை.

வாக்குமூலங்களின் இலக்கணத்தைப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டு வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, கேட்ட கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வது. ‘வினா எதிர் வினாதல்’ என்பார்கள். சாப்பிட்டாயா என்றால், சாப்பிடாமல் இருப்பேனா என்பது. இன்னொன்று ‘உற்றது உரைத்தல்’: வருகிறாயா என்றால் கால் வலிக்கிறது என்பது. நம் பத்துச் சாட்சிகளும் முதல் வகையில்தான் வாயைத் திறக்கிறார்கள். நான் எப்படி இளைக்காமல் இருப்பேன் என்கிற தொனி. எருமை மட்டும் கூடவே வயிற்றைத் தடவிக் காட்டி, உற்றதையும் உரைத்து, இரண்டு விடைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணத்துக்கு இப்படிப் பொருந்தி வரும் எருமை வேறு மொழியில் உண்டா என்பது ஆராயத்தக்கது.

எருமை ஏன் சோறு தின்றது? வழக்கின் பெரிய ஓட்டை இதுதான். வயல் நிறையப் புல் இருக்க, யாரோ அரைவேக்காட்டில் இறக்கிய பானையில் எருமை வாய் வைத்தது எப்படி என்று எந்த ஆசிரியையும் பாலர் பள்ளியில் விளக்குவதில்லை. வயிறு தனிச் சாட்சியாகக் கூண்டேறுவதால், அது எருமையின் வயிறே அல்ல, வேறு யாருடையதோ என்றும் வாதாடலாம். இதில் ஆய்வுலகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஐந்து வயது அணிக்கு இதில் சந்தேகமே இல்லை. எருமைக்குப் பசித்தது, தின்றது. ஏழு வயது அணி, இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் பாட்டு என்று சொல்லி விலகிக்கொள்கிறது.

தவளை சொன்னது பொய்ச்சாட்சி. கோலாலம்பூரில் நல்ல மழை ஓய்ந்த இரவில் லோங்காங் (சாக்கடை) ஓரம் நின்றால், மாடு கத்துவதுபோல் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கேட்கும். பருத்த உடம்பும் பழுப்புப் பட்டையுமாக இருக்கும் ஒருவகைத் தவளை அது. கத்துவது ஆண், கூப்பிடுவது மழையை அல்ல, பெண்ணை. மழை முதலில் வருகிறது, கச்சேரி பிறகுதான். ஆக, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்து ஒரு தனிப்பட்ட விஷயத்தை மறைத்திருக்கிறது தவளை. தன் வாயால் கெடும் என்று அதை நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் உண்மையான குற்றவாளி முறையீட்டாளரே. கொக்கு தவளையையும் தின்னும். மீன் வராத நாளில் தவளையைக் கொத்தியிருந்தால் வயிறும் நிறைந்திருக்கும். மழையைக் கூப்பிட ஆளில்லாமல் விறகு காய்ந்து, சோறு வெந்து, எருமை தேறி, புல் குறைந்து, மீனும் மேலே வந்திருக்கும். மருந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு மற்ற ஒன்பது பேர்மேல் புகார் சொல்லியிருக்கிறது. தமிழ் இலக்கியம் இந்தப் பறவையை வேறு மாதிரி பார்த்திருப்பது கவனிக்கத்தக்கது. 490-ஆம் குறள் காலம் கனியும்வரை கொக்குபோல் அடங்கியிருக்கச் சொல்கிறது. மூதுரைக் கொக்கோ சின்ன மீன்களையெல்லாம் போகவிட்டுப் பெரிய மீனுக்கு நிற்கிறது. இத்தனை பொறுமை பழகிய பறவை இளைக்காமல் என்ன செய்யும்? சத்திமுத்தப் புலவர் மட்டும் கொக்கின் உறவான நாரையைப் பாங்காவ் பாட்டைப் போலவே இருமுறை விளித்தார். அங்கே இளைத்திருந்தது பறவை அல்ல, புலவர்.

இனி, இதே பாட்டின் மறுபாடல்கள். நாட்டார் கதைகளுக்கு எண் போட்டு அடுக்கிய ஆர்னே, தாம்சன், ஊதர் ஆகியோரின் பட்டியலில் 2000 முதல் 2100 வரை இந்த மாதிரிச் சங்கிலிக் கதைகளுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். 1590-இல் பிராகு நகரில் அச்சான யூதர்களின் பாஸ்கா நூலில் ஒரு வெள்ளாட்டுக்குட்டிப் பாட்டு உண்டு: குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைக் கோல் அடிக்க, போய்க்கொண்டே இருந்து எமனைக் கடவுள் அடக்குவதில் முடியும். மலாய்ப் பாட்டு அவ்வளவு தூரம் போகாமல் பாம்போடு நின்றுகொண்டது.

கோலாலம்பூருக்கு இன்னும் நெருக்கமான உறவு தெலுங்கில் இருக்கிறது. ராஜகுமாரர்கள் ஏழு பேர் பிடித்து வந்து காயப்போட்ட ஏழு மீன்களில் ஒன்று மட்டும் காயவில்லை. மீனே ஏன் காயவில்லை? புல்கட்டு வெயிலை மறைத்தது. புல்லே ஏன் மறைத்தாய்? மாடு தின்னவில்லை. மாடு மேய்ப்பவனைக் காட்ட, அவன் சோறு போடாத கிழவியைக் காட்ட, அவள் அழுத பிள்ளையைக் காட்ட, பிள்ளை தன்னைக் கடித்த எறும்பைக் காட்டுகிறது. என் தங்கப் புற்றில் விரலை விட்டால் கடிக்காமல் இருப்பேனா என்கிறது எறும்பு. இங்கே மீன் தண்ணீரைவிட்டு வரவில்லை. அங்கே வந்த மீன் காயவில்லை. இரண்டிலும் பழி புல்லின்மேல், பிறகு மேயாத மாட்டின்மேல், நடுவில் சோற்றில் ஒரு கோளாறு. கடைசிச் சாட்சி மட்டும் வேறு யாரையும் கைகாட்டாமல், என் குணம் இதுதான் என்று நிற்கிறது. பிள்ளைகள் பாம்பைக் கெட்டதென்று நினைக்கிறார்கள். பத்துப் பேரில் பழியைத் தள்ளிவிடாத ஒரே ஆள் அதுதான்.

தமிழில் அந்த இடத்தில் இருப்பது பேர் மறந்த ஈ. வீடு மெழுகும் மும்முரத்தில் தன் பேரை மறந்துவிட்டு, கன்று, தாய்ப்பசு, இடையன், அவன் கைக்கோல் என்று வரிசையாய்க் கேட்டுப் போகிறது. வழியில் ஒரு கொக்கும் மீனும்கூட வருகின்றன. கடைசியில் குதிரை கனைக்கிற சத்தத்தில் ஈக்குத் தன் பேர் கிடைத்துவிடுகிறது. இந்தப் பாட்டில் யாரும் யார்மீதும் பழி போடுவதில்லை. ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். கொக்குப் பாட்டு விசாரணை அறிக்கை என்றால், ஈப் பாட்டு அலுவலகத்தில் ஃபைல் தேடும் கதை.

இவற்றில் எது மூலம், எது நகல் என்ற கேள்விக்குள் இக்கட்டுரை போகாது. போனால் என்ன ஆகும் என்பது 2007-இல் தெரிந்தது. மலேசியா தன் சுற்றுலா விளம்பரத்தில் ‘ராசா சாயாங்’ பாட்டைப் போட, அது எங்கள் பாட்டு என்று இந்தோனேசியாவில் கொந்தளிப்பு. 1962 ஆசிய விளையாட்டு விருந்தினருக்குக் கொடுத்த இசைத்தட்டையே சோலோ நகரிலிருந்து ஆதாரமாக எடுத்துக் காட்டினார்கள்.

செராஸ் ஒன்பதாவது மைலில் ஓர் அடுக்குமாடியில் நடந்த மறுபாடல்தான் இந்த ஆய்வின் முதன்மைச் சான்று. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, ரப்பர் விறகில் பொங்கித் தின்று வளர்ந்த பாட்டி. தாடிகாவிலிருந்து, அதாவது பாலர் பள்ளியிலிருந்து, பாட்டைக் கொண்டுவந்த பேத்தி. பாட்டி அதைத் தமிழில் பாடிக்கொண்டு வந்தார். சோறு ஏன் வேகலை என்ற இடத்தில், விறகு நனைஞ்சிருச்சு என்றார்.

“விறகுன்னா என்னா பாட்டி?”

பாட்டி விளக்கிப் பார்த்தார். பேத்தி கேட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். “இல்ல பாட்டி. ரைஸ் குக்கர் சுவிட்சு ஏறல.”

“சுவிட்சு ஏன் ஏறல?”

“கரண்டு இல்ல. இடி இடிச்சு டிரிப் ஆயிருச்சு.”

இடி என்றால் மழை. மழை என்றால் தவளை. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடியில் வீட்டுக்கு வீடு பியூஸ் பெட்டியைத் தேடி ஓடுவது வழக்கம் என்பதால், விறகு போன இடத்தில் குக்கர் வந்து உட்கார்ந்தும் சங்கிலி அறவில்லை. ஒரு கண்ணியை மட்டும் கழற்றி மாட்டிவிட்டாள். பாட்டி அன்றிலிருந்து குக்கரோடுதான் பாடுகிறார்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. லிஃப்ட் ஏன் ஓடவில்லை? பழுது பார்ப்பவர் வரவில்லை. ஏன்? அவருக்குப் பாக்கி. ஏன்? குடியிருப்பாளர்கள் மெயின்டனன்ஸ் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை? லிஃப்ட் ஓடவில்லை. 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், 757-ஆம் எண், பராமரிப்புக் கட்டணத்தோடு சேமநிதியையும் கட்டச் சொல்கிறது. பாம்பு எங்கே என்று அது சொல்லவில்லை. பழி ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கிடமே திரும்பி வந்துவிடுகிற மறுபாடல் இது ஒன்றுதான்.

ஆகவே பாட்டியும் பேத்தியும் படியேறுகிறார்கள். மாடிக்கு ஒரு சாட்சி என்பது பேத்தி போட்ட விதி. முதல் மாடியில் கொக்கு, இரண்டில் மீன், மூன்றில் புல். நான்காம் மாடிக்குச் சுவரில் ‘3ஏ’ என்று எழுதியிருக்கும். நான்கு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால் எருமைக்கு அந்த முகவரி. ஐந்தில் வயிறு, ஆறில் பாட்டி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சோறு, ஏழில் குக்கர், எட்டில் மழை. ஒன்பதாம் மாடியில் தவளை வாயைத் திறக்கும்போது வீடு வந்துவிடுகிறது. பாட்டி சாவியை எடுக்கிறார்.

“பாட்டி, பாம்பு இன்னும் ஒரு மாடி மேல இருக்கு.”

பாட்டி சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மேலே பார்க்கிறார்.