எரியாத அடுப்புக்கு ஏக அலங்காரம்

லெஸ்டர், இங்கிலாந்து
நவம்பர் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசும்போது "அங்கே என்ன இடிக்கிற சத்தம்?" என்று கேட்டாயே, ஹாலில் இருக்கும் ஃபயர்பிளேஸைப் புதுப்பிக்கிறோம்.

1900-ஐ ஒட்டிக் கட்டிய வரிசை வீடு இது. அந்தக் காலத்தில் அறைக்கு அறை அடுப்பு எரிந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1662-ல், இரண்டாம் சார்லஸ் ராஜா அடுப்பு ஒன்றுக்கு வருஷம் இரண்டு ஷில்லிங் வரியே போட்டிருக்கிறார். இப்போது எரித்தால்தான் வம்பு. 1952 டிசம்பரில் கரிப்புகையும் மூடுபனியும் சேர்ந்து லண்டனை ஐந்து நாள் அமுக்கியதில் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். 1956-ல் சுத்தமான காற்றுக்கென்று சட்டம் வந்தது. எங்கள் தெரு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. புகைபோக்கியில் புகை கிளம்பினால் 300 பவுண்டு வரை அபராதம். ஆக, உன் தம்பி பணத்தைக் கொட்டுவது விறகு போட்டுப் பற்றவைக்கக் கூடாத அடுப்புக்கு!

முன்பு இருந்தவர்கள் அதன் வாயைப் பலகையால் அடைத்திருந்தார்கள். பெயர்த்ததும் கூடை கூடையாகச் சுள்ளியும் கரியும் சரிந்தன. ஜாக்டா என்று இங்கே ஒரு குட்டிக் காக்கை, புகைபோக்கிக்குள் குச்சியாகப் போட்டு நிரப்பிக் கூடு கட்டும். மீனா புதுக் கம்பளத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரி சமையல் என்னுடையது.

அடுத்தது பெயிண்ட். வெள்ளை, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் ஒரு பழுப்பு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது. ஒரு பசையைப் பூசி, ஊறவிட்டு வழிக்க வேண்டும். மூன்று தலைமுறையின் ரசனையும் கூழாகக் கழன்று வந்தது. உள்ளே வார்ப்பிரும்பில் கொடியும் இலையும். இரு பக்கமும் நாவல்பழ நிறத்தில் பூப்போட்ட டைல்ஸ். கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுச் சுவரில், கப்பலில் வந்தது என்று காட்டினார்களே, அதற்குப் பங்காளி முறை!

இரும்புக்குக் கிராஃபைட் கலந்த கறுப்புப் பசை தடவி, காய்ந்ததும் துணியால் தேய்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்ட அதே உத்தியோகம். இரும்பு மின்னுகிறது, என் நகமும் மின்னுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி தினம் மேற்பார்வைக்கு வந்து, "சரியான கறுப்பு" என்று சான்றிதழ் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போனார். புகைபோக்கியை முழுதாக அடைக்காதே, காற்றுப் போக வழியில்லாவிட்டால் சுவர் ஓதம் காக்கும் என்று அவர் சொன்னது மட்டும் லட்ச ரூபாய் யோசனை. கொத்தனாரும் அதையே சொன்னார், காசு வாங்கிக்கொண்டு.

மேலே உள்ள மாடத்தில் பிள்ளையார் குடியேறிவிட்டார். கார்த்திகைக்கு அடுப்புக்குள் விளக்கு வைப்பதாக மீனா முடிவு செய்திருக்கிறாள். அகலுக்கு அபராதம் கிடையாது. அடுத்த வாரம் உன் மைத்துனர் வருகிறாராமே, அவரிடம் மண் அகல் ஒரு டஜன் கொடுத்தனுப்பு. பழைய வேட்டியில் சுற்றிக் கைப்பையில் வைக்கச் சொல். செலவு எவ்வளவு என்று அம்மா கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடு.

அன்புத் தம்பி,
முரளி