ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும்

ஸ்ரீரங்கத்தில் இப்போது ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ பத்து வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி, அம்மாவின் கைப்பக்குவத்தை ஆன்லைனில் விற்கிற ஆசாமி. வடுமாங்காய், வடாம், அப்பளம், வத்தக்குழம்புப் பொடி. காவிரியைத் தாண்டித் தில்லைநகர் போனால் இதே ஆசாமி உறையூர்ச் சேலை விற்பார். மணப்பாறைப் பக்கம் போனால், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கை விற்பார். சரக்குதான் வேறு, சுபாவம் ஒன்றே. ஒரு காரியத்தைக் கையால் இரண்டாம் தரம் செய்ய நேர்ந்தால் இவர்களுக்கு உடம்பு பதறும்.

"ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும். அப்புறம் தொடவே வேண்டாம்" என்பது இவர்களுடைய திருமந்திரம். சொன்ன நாளிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

நம் ஆசாமிக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆர்டர் வரும். வாட்ஸ்அப்பில் வந்த முகவரியை மனைவி ஒரு தாளில் எழுதி, பார்சலில் ஒட்டி முடிக்கக் கால் மணி நேரம். இது அவருக்குப் பொறுக்கவில்லை. செய்தி வந்ததும் அது கூகுள் ஷீட்டில் போய் உட்கார வேண்டும். ஷீட்டிலிருந்து லேபிள் உருவாக வேண்டும். தெர்மல் பிரிண்டர் தானாகத் துப்ப வேண்டும். ஒன்றரை மாதம் ராத்தூக்கம் இல்லை. எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்குப் போடத் தனியாக ஒரு ஷீட்டும் உண்டு. அந்த ஒன்றரை மாதம் அதில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

முதல் முட்டல் பின்கோடில். நம் ஊரில் 1972 ஆகஸ்ட் 15 முதல் பின்கோடு இருக்கிறது. ஆனாலும் பழைய தலைமுறை இன்னும் 'திருச்சி-6' என்று எழுதி நிறுத்திக்கொள்ளும். தபால்காரருக்குத் தெரியாதா என்ன! சிலர் 620 என்று எழுதி, மூச்சு விட்டு, 006 என்று எழுதுவார்கள். நம் ஆசாமியின் நிரலுக்கோ சேர்ந்தாற்போல் ஆறு இலக்கம் வேண்டும். மேற்கு மாம்பலத்து மாமி ஒருவர் பின்கோடை இப்படி இடைவெளி விட்டு எழுதி, கீழே 9-இல் தொடங்கும் மொபைல் நம்பரையும் போட்டிருந்தார். நிரல் தேடித் தேடி, அந்த மொபைல் நம்பரின் முதல் ஆறு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டது. 9-இல் தொடங்கும் பின்கோடு ராணுவத் தபாலுக்கு உரியது. ஆக, மாம்பலம் போக வேண்டிய அரிசி வடாம் லேபிளின்படி ராணுவத்தில் சேர்ந்துவிட்டது. தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேனாவை நீட்டினார்.

அடுத்தது பதில் சொல்லும் ஏற்பாடு. வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு வசதி: முதல்முறை பேசுகிறவருக்கும், 14 நாள் பேசாமல் இருந்தவருக்கும் வரவேற்புச் செய்தி தானாகப் போகும். கீழச் சித்திரை வீதிப் பாட்டி மாதம் ஒரு தரம்தான் பொடி வாங்குவார். இவரைக் குழந்தையில் குளிப்பாட்டி விட்டவர். மாதாமாதம் அவருக்கு, "வணக்கம்! எங்களை நாடி வந்தமைக்கு நன்றி. தாங்கள் யார் என்று அறியலாமா?" என்று போயிற்று. மூன்றாம் மாதம் பாட்டி வீட்டுக்கே வந்து, "ஏன்டி, உன் பிள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அம்மாவைத் தனியாக அழைத்து விசாரித்தார்.

உறையூர் அத்தை கதை வேறு. "நம்ம பொண்ணுக்கு நல்ல வரன் இருந்தாச் சொல்லுப்பா" என்று அனுப்பியிருக்கிறார். 'இருந்தா' என்ற சொல்லைக் கண்டதும் யந்திரம், "மன்னிக்கவும், இருப்பு தீர்ந்துவிட்டது. புதிய சரக்கு வந்ததும் தெரிவிக்கிறோம்" என்றது. ரெண்டு நாள் கழித்து, "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்றும் கேட்டது. அத்தை உடனே பதில் போட்டார்: "ரோகிணி, ரெண்டாம் பாதம்."

சரக்கு இருப்பு விஷயத்தில் யந்திரத்தின் எதிரி அம்மா. ஷீட்டில் வடுமாங்காய் நாற்பது பாட்டில் என்று இருக்கும். அம்மா நாத்தனாருக்கு நாலு, மாடி வீட்டுக்கு ரெண்டு என்று கொடுத்தது அதில் ஏறாது. ஐப்பசி மழையிலும் அது பாட்டுக்கு வடாம் ஆர்டர் எடுக்கும். "வடு மாசி பங்குனியிலதான் வரும், வடாத்துக்கு வெயில் வேணும்னு உன் ஷீட்டுக்குத் தெரியுமோடா?" என்பார் அம்மா. தெரியாது. வைகுண்ட ஏகாதசியும் அதற்குத் தெரியாது. அது திருச்சி மாவட்டத்துக்கு மட்டுமான உள்ளூர் விடுமுறை. இவர் கூகுளிலிருந்து இறக்கிய பட்டியலில் இல்லை. கூரியர் வண்டி வீதிக்குள் தலைகாட்ட முடியாத அன்று, "இன்று வழக்கம்போல் பார்சல் எடுக்கப்படும்" என்று எல்லாருக்கும் செய்தி பறந்தது.

அப்பா திருவெறும்பூர் பெல்லில் பாய்லர் பிளான்ட்டில் முப்பது வருஷம் இருந்தவர். நாற்காலியில் சாய்ந்தபடியே சொல்வார்: "ஆட்டோமேட்டிக் மெஷினுக்குத்தான்டா பக்கத்துல விஷயம் தெரிஞ்ச ஆள் நிக்கணும்." லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர் 1983-இல் இதையே 'ஆட்டோமேஷனின் முரண்கள்' என்று ஒரு கட்டுரையாக எழுதிப் பெயர் வாங்கினார். எளிதான வேலையை யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் கஷ்டமான வேலை மட்டும் மனிதனிடம் மிஞ்சும், பழக்கம் விட்டுப்போன நிலையில் அவன் அதைச் செய்ய வேண்டிவரும் என்பது சாரம். அப்பா அதைப் படித்தவரில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஒரே வேலையைத் தினம் தினம் செய்வதில் ஸ்ரீரங்கத்தை மிஞ்ச ஊர் கிடையாது. விஸ்வரூப தரிசனத்திலிருந்து இரவு நடை சாத்துவது வரை இன்னது இன்னார் வேலை என்று ராமானுஜர் கைங்கரியங்களை வகுத்துக் கொடுத்ததாகக் கோயிலொழுகு சொல்லும். அட்டவணை கனகச்சிதம். ஆனால் அட்டவணை வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். பார்சல் கிளம்பியதும் டிராக்கிங் எண் தானாகப் போகிறதே, அது உண்மையிலேயே உபகாரம். "அனுப்பிட்டீங்களா?" என்ற கேள்வி பாதியாகக் குறைந்தது. வரிக் கணக்குக்கு மாதக் கடைசியில் பில் புத்தகத்தைப் புரட்டும் தலைவலியும் போயிற்று. எண்ணை எண்ணிடம் விடலாம், தப்பில்லை. பாட்டியையும் அத்தையையும் விட்டதுதான் தப்பு.

முகவரியை மட்டும் மனைவி மறுபடி கையால் எழுதத் தொடங்கிவிட்டார். நம் ஆசாமி பக்கத்தில் நின்று, அவர் எழுதும் தாளைப் போட்டோ எடுத்தால் தானாகப் படிக்கிற மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறார். ஒரு தடவை செட் பண்ணிட்டா போதுமாம்.

வடுமாங்காய் வேண்டுவோருக்கு ஒரு வார்த்தை. மாசி பிறந்ததும் அம்மாவின் லேண்ட்லைனுக்குக் கூப்பிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முன் மடி, எடுக்க மாட்டார். நாலு ரிங் போனதும் வைத்துவிடாதீர்கள், அடுக்களையிலிருந்து வர நேரமாகும்.