பன்னிரண்டு விசில்

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள். பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், ‘டிராபிகல் ஃப்ரூட் டார்ட்’தான் வேண்டும் என்றாள் மகள். கடையில் வாங்கியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். “இதென்ன பெரிய வித்தை, நானே செஞ்சு தரேன்” என்று வாய் முந்திக்கொண்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அனுபவசாலி.

டிராபிகல் பழம் என்றால் என்னவோ என்று பார்த்தால் மா, அன்னாசி, பப்பாளி. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கூவிக் கூவி விற்பவை. அன்னாசியும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து ஐரோப்பியர் கப்பலில் வந்தவைதான். ஆனால் வந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, இனி ரேஷன் கார்டு கேட்க முடியாது. செய்முறைப் படத்தில் நடுநாயகமாக வீற்றிருந்த கிவிதான் வம்பு பிடித்தது. சீனாவில் பிறந்து நியூசிலாந்தில் பேர் வாங்கிய குளிர்நாட்டுப் பழம் அது. அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பலாச்சுளை வாங்கி வந்தேன்.

டார்ட்டின் ஓட்டுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 50 கிராம் பொடித்த சர்க்கரை. வெண்ணெய் குளிர்ந்து கட்டியாக இருக்கவேண்டும். அது மைதாத் துகள்களைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் பட்டு மாவு ஜவ்வாகாமல் தடுக்கும். அப்போதுதான் ஓடு வாயில் பொலபொலவென உதிரும். ஐரோப்பாக்காரர் வீட்டில் வெண்ணெய் சும்மாவே கல்லாக இருக்கும், பழத்துக்குத்தான் அவர் அலையவேண்டும். நமக்குப் பழம் வாசலுக்கே தள்ளுவண்டியில் வருகிறது. வெண்ணெய்தான் நிற்க மாட்டேன் என்கிறது. பாத்திரத்தில் போட்டு நான் கரண்டியைத் தேடுவதற்குள் அது நெய்யாகும் வழியில் பாதி தூரம் போயிருந்தது.

வேறு வழியில்லாமல் படுக்கையறை ஏசியை 18-இல் வைத்து, கட்டில் மேல் பலகை போட்டுப் பிசைந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். “சோமாசி மாவுதானே? அதை ஏன்டா போர்வை போர்த்திண்டு பிசையறே?”

மாவை அடி கழலும் தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, வெறும் ஓட்டை முதலில் வேகவைக்கவேண்டும். மேலே பாரம் வைக்காவிட்டால் அடி உப்பும், ஓரம் சரியும். இதற்கென்றே பீங்கான் குண்டுகள் விற்கிறார்களாம். நான் காகிதம் விரித்து, அம்மாவின் டப்பாவில் இருந்த அரைக் கிலோ கொண்டைக்கடலையைக் கொட்டினேன். ஓடிஜி அடுப்பில் 180 டிகிரி, 15 நிமிடம். ஆறியதும் யாரும் பார்க்காத நேரம் அப்படியே டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டேன். கைமாற்றுக் கடனை அடைத்த நிம்மதி.

அடுத்தது கஸ்டர்ட். முட்டையின் மஞ்சள் கரு என்ற இடத்தில் செய்முறையை மூடினேன். எங்கள் அடுக்களைக்குள் முட்டை நுழைந்தால் அம்மா வெளியேறிவிடுவாள். நல்லவேளை, 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் சோளமாவில் கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மனைவிக்காக அவர், அம்மாவுக்காக நான்.

பழங்களுக்கு மேல் பளபளவென்று ஊற்ற ஜெலட்டின் வாங்கியிருந்தேன். “அது எதுல பண்றது?” என்றாள் அம்மா. மாட்டின் தோல், எலும்பு என்று படித்ததைச் சொன்னேன். பாக்கெட் குப்பைத்தொட்டிக்குப் போனது, அலமாரியிலிருந்து சைனா கிராஸ் வந்தது. பிறகுதான் தெரிந்தது: வேகவைக்காத அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைத் தின்னும் நொதிகள் உண்டு. ஜெலட்டின் புரதம், அதை அவை உறையவே விடா. சைனா கிராஸோ கடல்பாசியிலிருந்து எடுப்பது, புரதமே இல்லை. கல்லாக உறைந்தது. வேதியியலில் நான் 38 மார்க். அம்மா அந்தப் பாடமே படித்ததில்லை.

வெட்டும்போது ஓடு நாலாகப் பிளந்தது. கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டோம். மகள் இரண்டாம் முறை கேட்டாள். அம்மாவும் கேட்டாள், “பழத்தை அப்படியே நறுக்கிக் குடுத்திருக்கலாம்” என்றபடியே.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை அம்மா சுண்டலுக்கு இரவே கடலையை ஊறவைத்தாள். காலையில் குக்கர் ஐந்து விசில் அடித்தது. திறந்து, நசுக்கிப் பார்த்து, மறுபடி மூடினாள். எட்டு. பத்து. பன்னிரண்டாவது விசிலில் அடுப்பை அணைத்து, ஒரு கடலையைத் தரையில் போட்டாள். டங் என்றது.

“முப்பது வருஷமா வாங்கற கடை! இப்படியா ஏமாத்துவான்?”

மீதிக் கடலையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். உண்மையைச் சொல்லத்தான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் கடைக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “பழைய சரக்கு வந்துடுச்சு போல. மன்னிச்சுக்குங்கம்மா” என்று புதுக் கடலையை அளந்துகொண்டிருந்தார்.

நான் மேலே தொங்கிய வாழைத்தாரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிராயச்சித்தமாக, பேரம் பேசாமல் ஒரு சீப்பு வாங்கினேன். அதுவும் டிராபிகல் பழந்தான். உரித்தால் போதும்.