பத்தாயமும் ஆச்சியும்: இன்ஸ்டன்ஸ் வேரியபிள், பிராப்பர்ட்டி குறித்த பூதப்பாண்டி ஆய்வு

ஆப்ஜெக்டுக்கு உள்ளே கிடப்பது இன்ஸ்டன்ஸ் வேரியபிள். வெளியே நின்று கேட்டால் பதில் சொல்வது பிராப்பர்ட்டி. விஷயம் இவ்வளவுதான். இதோடு நிறுத்தினால் ஆய்வுக்கட்டுரை என்று எவரும் ஒப்பமாட்டார்கள் என்பதால் மேலே செல்கிறோம்.

முன்னோர் மரபு: நார்வேக்காரர்களான டாலும் நிகார்டும் செய்த சிமுலா 67இல் ஆப்ஜெக்டின் உள்ளே இருப்பதை வெளியிலிருந்தே தொடலாம். பின்வந்த ஸ்மால்டாக் பூட்டுப் போட்டது.

பூதப்பாண்டி மரபு: பழைய நாஞ்சில் நாட்டு வீட்டின் அரங்கில் பத்தாயம் இருக்கும். அதிலுள்ள 63 மரக்கால் நெல் இன்ஸ்டன்ஸ் வேரியபிள். படிப்புரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆச்சி பிராப்பர்ட்டி.

“ஆச்சி, நெல்லு எவ்வளவு கெடக்கு?”

“மூணு கோட்டை இருக்கும் மக்கா.”

கோட்டைக்கு 21 மரக்கால். உள்ளே இருப்பது ஓர் அளவை, வெளியே வருவது இன்னொன்று, வகுத்தது ஆச்சி. இதுவே கெட்டர். கடன் கேட்டு வந்தவருக்கோ, “வெதைநெல்லு மட்டும்தான் கெடக்கு.” ஆளைப் பார்த்துப் பதில் மாற்றும் இந்தத் திறமை சாதாரண பிராப்பர்ட்டிக்குக் கிடையாது. அள்ள வந்தாலோ, “எதுக்குலே?” என்ற சோதனையைத் தாண்டவேண்டும். இதுவே செட்டர். பேரன் பின்வழியாகப் போய் மூடியைத் தூக்கி ஐந்து மரக்கால் எடுத்துவிட்டால், ஆச்சி கணக்கில் நெல் மூன்று கோட்டையாகவே நீடிக்கும். உலகத்துப் பிழைகளில் பெரும்பகுதி இவ்வாறு பிறந்ததே. (ஆதாரம்: ஆச்சியின் இடுப்புச் சாவிக்கொத்து, மூன்றாம் சாவி, துருவேறிய பல். மறுப்பு: மூடியின் உட்புறக் கரிக்கோடுகள், 4 முதல் 9 வரை. அவை நெற்கணக்கே என்பது கிழக்குத்தெருப் பள்ளியின் துணிபு. பல்லி போன தடம் என்பது மேலத்தெருப் பள்ளி. இரண்டையும் சமரசப்படுத்தும் ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது. எனவே மறுக்க இயலாது.)

ஆப்ஜெக்ட் உருவாகும் இனிட் நடக்கும்போது மட்டும் வேரியபிளை நேரே தொடு என்பது ஆப்ஜெக்டிவ்-சி ஆசாரம். வீடே இன்னும் கட்டி முடியவில்லை, ஆச்சி படிப்புரைக்கு எப்படி வருவாள்?

எழுத முடியாத, படிக்க மட்டுமான பிராப்பர்ட்டி: ஆச்சியின் வயது.

பெயர் என்னும் வேரியபிள்: பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் ஜீவாவுக்கு வீட்டார் இட்டது சொரிமுத்து. பின்பு ஜீவானந்தம்; தனித்தமிழ்ப் பற்றில் உயிரின்பன்; மறுபடி ஜீவானந்தம். மதிப்புதான் மாறியது, ஆப்ஜெக்ட் ஒன்றே.

ஜாவா மரபினர் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் என்று பட்டனை அழுத்தி வரவழைத்துக்கொள்கிறார்கள். ஒரு சோதனையும் இல்லை, வகுத்தலும் இல்லை. படிப்புரையில் ஆச்சியை உட்காரவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாவியைக் கொடுக்கச் சொல்வதற்குப் பெயர் பாதுகாப்பாம்! அதற்குப் பத்தாயத்தைத் திறந்தே போட்டுவிடலாம், ஆச்சியாவது சற்றுக் கண்ணயர்வாள்.

ஆய்வுலகில் இந்தச் சிக்கலே கிடையாது. ஒருவர் அடிக்குறிப்பை இன்னொருவர் அள்ளும்போது யாரையும் கேட்பதில்லை; மூலநூலின் அட்டையைக்கூடத் திறப்பதில்லை.