நல்ல தண்ணியும் தங்கமீனும்

எங்கள் சின்ன வயசில் கோவில்பட்டிப் பக்கம் மீன் சும்மா கிடைக்கும், தண்ணீர்தான் கிடைக்காது. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக் கண்மாய் பெருகிவிட்டால், மறுகால் ஓடையில் இரண்டு பேர் ஒரு துண்டை விரித்துப் பிடித்தாலே போதும். கெண்டைக் குஞ்சும் அயிரையும் துள்ளும். பனையேறிக் கெண்டை கரிசல் சகதியில் செவுளை ஊன்றி ஊன்றி நகர்ந்து போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிடித்ததை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைப்போம். மாசி பங்குனியில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்புறம் அடுத்த மழை வரைக்கும் பெண்கள் குடத்தோடு அலைய வேண்டியதுதான். சீவலப்பேரியிலிருந்து குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வந்த பிறகும் முறை வைத்துத்தான் விட்டார்கள். நல்ல தண்ணி வரும் நாள் என்றால் தெருவே விழித்திருக்கும்.

இன்று கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் நிற்கிறது. மீன், கடையில் இருக்கிறது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் கேட்டது, ஆரஞ்சு நிறத் தங்கமீன், நீலக்கோடு போட்ட நியான் டெட்ரா, கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் சக்கர் மீன். எல்லாம் ஒரே தொட்டிக்கு.

“ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி, எல்லாம் ஒத்து இருக்கும்” என்றார் கடைக்காரத் தம்பி.

ஒத்து இருக்காது. தங்கமீன் சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், மங்கல் நிறக் கெண்டை வகை ஒன்றில் தப்பித் தவறிப் பொன்னிறமாகப் பிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்து வளர்த்து உண்டாக்கிய மீன். 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த தண்ணீரில்தான் அது சுகமாக இருக்கும். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளில் வாழ்வது. அதற்கு 25 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். குளிர்நாடுகளில் தங்கமீனுக்குச் சாதாரணத் தண்ணீர் போதும், வெப்பநாட்டு மீனுக்குத்தான் ஹீட்டர் வைப்பார்கள். கரிசல் காட்டில் இது தலைகீழ். அக்கினி நட்சத்திரத்தில் காரை வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு மேலே நிற்கும். கப்பியும் மாலியும் அதிலேயே குட்டி போட்டுப் பெருகும். தங்கமீன்தான் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், அந்த நேரத்தில்தான் தண்ணீரில் காற்று குறைகிறது. தொட்டி வாங்குகிறவர் கையில் ஹீட்டரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். மார்கழியில் சில ராத்திரிகள் போக அதற்கு இந்த ஊரில் வேலை இல்லை. அந்தக் காசைப் போட்டு நல்ல காற்று மோட்டாராக வாங்கலாம்.

சென்னைக் கொளத்தூரைச் சுற்றிப் பொரித்து வளர்த்த தங்கமீன் நம் வெயிலுக்கு ஓரளவு பழகியதுதான். அதனால் சூடு மட்டும்தான் தடை என்றால் பேத்தி கேட்டதை வாங்கிக் கொடுத்திருப்பேன். பெரிய தடை அதன் கழிவு. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது, எந்நேரமும் தின்னத் தேடுகிறது, தின்றதற்கு ஏற்ப அம்மோனியாவை வெளியே விடுகிறது. இங்கேதான் நம் மண் குறுக்கே வருகிறது. கரிசலுக்கு அடியில் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல். அதில் ஊறி வரும் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உள்ளது. pH 7 ஆக உள்ள தண்ணீரில், 25 டிகிரிச் சூட்டில், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே சூட்டில் pH 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டும், 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். சூடு ஏற ஏற இன்னும் கூடும். ஆகவே வேறு ஊரில் இரண்டு தங்கமீன் தாங்கும் தொட்டி நம் போர் தண்ணீரில் ஒன்றைக்கூடத் தாங்காமல் போகலாம்.

மற்றதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. தங்கமீன் சாண் நீளத்துக்கு வளர்ந்ததும் வாய்க்குள் போகிற டெட்ராவை விழுங்கிவிடும். சக்கர் மீன் ராத்திரியில், மெதுவாக நகரும் தங்கமீனின் மேல் ஒட்டி அதன் உடம்பு வழுவழுப்பை உறிஞ்சும். அந்த வழுவழுப்புதான் அதற்குக் காவல். டைகர் பார்ப் நீளவாலைக் கடித்துக் கந்தலாக்கும். சரியான தொட்டியில் தனியே வைத்தால் தங்கமீனின் ஆயுசு சின்னது அல்ல. இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தங்கமீன் 43 வருஷம் வாழ்ந்து 1999-இல்தான் செத்தது. இங்கே ஒரு மாசம் தாண்டினால் பெரிய விஷயம் என்று பேசிக்கொள்கிறோமே, அது எனக்கு வருத்தம்.

எங்கள் அய்யா சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போனால் ஒரு கிடாயைப் பிடிக்க அரைநாள் எடுத்துக்கொள்வார். பல்லைப் பார்ப்பார், இடுப்பை அழுத்துவார், மூக்கொழுகுகிறதா, புழுக்கை கட்டியாக விழுகிறதா என்று பார்ப்பார். ஒரு ஆடு இருமினால் அந்தப் பட்டியிலேயே வாங்க மாட்டார். மீனுக்கும் அந்தப் பார்வை வேண்டும். நிறத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் கவரில் கட்டி வாங்கிக்கொண்டு வருவது உயிருள்ள ஒன்றை வாங்குகிற முறை ஆகாது.

அன்றைக்குக் கடையில் நாங்கள் ஒரு தொட்டி முன்னால் நின்றோம். மேலாகப் பார்த்தால் எல்லாம் அழகு. முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டு போனேன். மூலையில் ஒரு மாலி செட்டையை உடம்போடு ஒட்ட மடக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்று கூழாங்கல்லில் விலாவை உரசிவிட்டுப் பாய்ந்தது. அதன் வாலில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. அது தோலுக்குள் புகுந்து வளரும் ஒட்டுண்ணி. முற்றியதும் தரையில் விழுந்து, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும். மருந்து அந்த நீந்தும் பருவத்தில்தான் வேலை செய்யும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் மறுபடி வரும். அந்தத் தொட்டியில் மீதி மீன்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் அதிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை.

அடுத்த தொட்டியில் தம்பியை ஒரு சிட்டிகை தீவனம் போடச் சொன்னேன். நோய் இல்லாத மீன் ஓடி வந்து கொத்தும், வாயில் வாங்கித் துப்பாது. கண் தெளிவாக இருக்க வேண்டும். வயிறு ஒட்டியிருக்கக் கூடாது, ஊதியும் இருக்கக் கூடாது. செதில் சிலிர்த்து நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். “சரக்கு என்னைக்கு வந்துச்சு?” என்று கேட்டேன். “நேத்து ராத்திரி” என்றார், ஒளிக்காமல். கவரில் பிராணவாயு அடைத்து ராத்திரியெல்லாம் குலுங்கி வந்த மீனுக்கு என்ன நோய் என்பது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். வியாழக்கிழமை வருகிறோம் என்று திரும்பிவிட்டோம். பேத்திக்கு வழியெல்லாம் முகம் வாடித்தான் இருந்தது.

வியாழக்கிழமை கறுப்பு மாலியும் கப்பியும் வாங்கினோம். இரண்டுக்கும் கடினமான தண்ணீர் பிடிக்கும், மாலி கொஞ்சம் உப்பையும் பொறுக்கும். கப்பி இந்த நாட்டுக்கு வந்ததே கொசுப்புழுவைத் தின்னத்தான், நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிறது. 1928-இல் அதே வேலைக்குக் கம்பூசியா என்ற மீனும் வந்தது. எங்கள் தெருக் கிணற்றிலும் சுகாதாரத் துறை ஆள் அதை விட்டுவிட்டுப் போவார். வீட்டில் குழாய்த் தண்ணீரை முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்திருந்தோம், குளோரின் வாடை போவதற்காக. கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் வலையில் மீனை மட்டும் எடுத்து விட்டோம். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்றவில்லை. கழிவைத் தின்னும் நுண்ணுயிர் ஒரு தொட்டியில் நிலைக்க ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகும். அதுவரை தீவனத்தைக் குறைத்துப் போட வேண்டும், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். எடுக்கும் தண்ணீரைப் பேத்தி கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறாள். நல்ல தண்ணிக்கு அலைந்த ஊரில் அதைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வராது.

சக்கர் மீன் ஆசை மட்டும் அவளை விடவில்லை. “பெருசானா கண்மாய்ல விட்டுறலாம்ல தாத்தா?” என்று கடையிலேயே கேட்டாள். கூடவே கூடாது என்றேன். ஒரு அடிக்கு மேல் வளரும் மீன் அது. காற்றை விழுங்கி மூச்சுவிடும், கெட்ட தண்ணீரிலும் சாகாது, கரையைக் குடைந்து முட்டையிடும். வேண்டாமென்று யாரோ விட்டது தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிக்கிறது. நம் கண்மாயில் மழைக்கு மழை மிச்சமிருக்கும் கெண்டையும் அயிரையும் அதோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிட வேண்டாம். கடைக்காரத் தம்பியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெருசானா எங்கிட்டயே கொண்டாந்துருங்க பாப்பா. பெரிய தொட்டி வச்சிருக்கவங்களுக்குக் கொடுத்துக்கிறேன்” என்றார்.