மேல் கேலரி அண்ணாச்சி

கிரிக்கெட் டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லோரும் யாருக்கும் யாருக்கும் மேட்ச் என்று பார்ப்பார்கள். அண்ணாச்சி வரிசையைப் பார்ப்பார். 'லோயர்' என்று போட்டிருந்தால் டிக்கெட் சட்டைப்பைக்குள் பத்திரமாகப் போய்விடும். 'அப்பர்' என்று இருந்தால் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது ஆறுதல் அச்சாகியிருக்கிறதா என்று தேடுவார்.

தூத்துக்குடியில் இவரைப் போல் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கப்பல் ஏஜென்சியில் சீனியர் கிளார்க்காக இருப்பார். உப்பளக் கணக்கு பார்ப்பார். இல்லையென்றால் மார்க்கெட்டில் மொத்தக் கடை வைத்திருப்பார். எதற்கும் அஞ்சாதவர் என்று பேர். வங்கி மேனேஜரை 'சும்மா இரும்வே' என்று அதட்டியவர். உயரம் என்றால் பயம் என்று மட்டும் இவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. "மேல காத்து ஒத்துக்கிடாது." "முட்டியில லேசா பிடிப்பு." "அங்க இருந்து பார்த்தா பந்து சுழல்றது தெரியாதுல்லா." இந்த மூன்றும் மாறி மாறி வரும். மூன்றும் ஒரே நாளில் வந்தால் டிக்கெட் அப்பர் என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள்.

ஊரும் இவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சமதளம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் துறைமுகத்துக் கிரேன்களும் இல்லையென்றால் அண்ணாந்து பார்க்கவே வேலை இருக்காது. கண்டெய்னர் ஏற்றும் கிரேன் ஓட்டுபவர் அத்தனை உயரத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி பதித்த கேபினில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறார். அண்ணாச்சி சரக்கு சம்பந்தமாகத் துறைமுகத்துக்குள் போனால் அந்தப் பக்கம் கண்ணை ஓட்டுவதில்லை. ஃபைலையே பார்த்துக்கொண்டு நடப்பார். மாலையில் தருவை மைதானத்தில் பையன்கள் ஆடுவதைப் பார்க்க நின்றுகொண்டாலே போதும். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி நடந்தாலும் கீழ்வரிசையில் துண்டைப் போட்டுவிடலாம். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சேப்பாக்கம் குறுக்கிட்டது.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கிய முதல் வருஷமே தூத்துக்குடி அணியான டூட்டி பேட்ரியாட்ஸ் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கிரிக்கெட் தெரியாது என்று சொல்ல எந்த அண்ணாச்சிக்கும் வழியில்லை. மனைவியின் தம்பி சென்னையில் வேலை. "அத்தான், ஐ.பி.எல். டிக்கெட் போட்டிருக்கேன், வாங்க" என்று அவன் கூப்பிட்டால் மறுப்பது எப்படி?

பயணத்திலேயே சோதனை ஆரம்பம். முத்துநகர் எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த். அண்ணாச்சி ஏறியதும் செய்யும் முதல் காரியம், மக்ரூன் டப்பாவைத் திறந்து லோயர் பெர்த்துக்காரருக்கு நீட்டுவது. வாஞ்சி மணியாச்சி வருவதற்குள் பேச்சு முட்டிப் பிடிப்புக்கு வந்திருக்கும். கோவில்பட்டியில் பெர்த் கைமாறிவிடும். சென்னையில் இறங்கியதும் மச்சினன், "பறக்கும் ரயில்ல போனா சேப்பாக்கம் ஸ்டேஷன்லயே இறங்கிடலாம்" என்பான். தூண்மேல் நிற்கும் அந்த ஸ்டேஷனை அண்ணாச்சி முன்பே விசாரித்து வைத்திருக்கிறார். "ஆட்டோ பிடி மாப்ள, நான் குடுக்கேன்."

சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் மைதானம் 1916-லிருந்து இருப்பது. 2011 உலகக் கோப்பைக்காக அதைப் புதுப்பித்தபோது, தூண்கள் மறைத்த பழைய கேலரிகள் போய், கூம்புக் கூரை போட்ட ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் எழுந்தன. கடற்காற்று உள்ளே வர வேண்டும் என்பதற்காக இருக்கைகளை 36 டிகிரி சாய்வில் அமைத்தார்கள். பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் வழிகாட்டி நூல், கேலரியின் சாய்வு 34 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இந்த இரண்டு டிகிரி வித்தியாசத்தை அண்ணாச்சியிடம் சொன்னால் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார். வீட்டு மாடிப்படியின் சாய்வும் ஏறக்குறைய இவ்வளவுதான் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

கேலரியை இப்படி நிமிர்த்திக் கட்டுவதற்குக் கணக்கு இருக்கிறது. ஒருவருடைய பார்வை, முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு 9 முதல் 12 செ.மீ. மேலாகப் போய் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும். வரிசை பின்னால் போகப் போக, படியின் உயரத்தைக் கூட்டினால்தான் அந்த இடைவெளி கிடைக்கும். அதனால் நல்ல கேலரி நேர்கோட்டில் ஏறாது, மேலே போகப் போக விறைத்துக்கொள்ளும். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது என்று காலங்காலமாகத் தியேட்டரில் சண்டை போட்டவர்களுக்குக் கட்டடக் கலைஞர்கள் கொடுத்த பதில் இது. இப்போது முன்னால் தலையே இல்லை. அண்ணாச்சிக்கு அதுதான் குறை.

மாநகராட்சியோடு வந்த அனுமதிப் பிரச்சினையால் இந்த மூன்று ஸ்டாண்டுகளும் வருஷக்கணக்கில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். அவற்றைத் திறக்க அனுமதி கிடைக்காததால் 2019 ஐ.பி.எல். இறுதிப் போட்டியே சென்னையை விட்டு ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. அங்கே சென்னை ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. தமிழ்நாடே வயிறெரிந்த அந்த விவகாரத்தில் மாநகராட்சியின் பக்கம் நின்று பேசிய ஒரே ஜீவன் அண்ணாச்சி. "பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்லா?" பிறகு பூட்டு திறந்தது. போதாததற்கு 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி ஸ்டாண்டும் திறக்கப்பட்டது. மாநகராட்சி கைவிட்டுவிட்டது.

அண்ணாச்சி மேல் கேலரிக்குள் நுழையும் காட்சியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உள்படிக்கட்டு வரை கம்பீரமாக வருவார். வாசலைத் தாண்டியதும் திடீரென்று பச்சைப் பள்ளமாக மைதானம் தெரியும். அந்த இடத்தில் செருப்பு வார் அவிழ்ந்துவிடும். குனிவார். குனிந்தபடியே முதல் நாற்காலியின் முதுகைப் பிடிப்பார். அங்கிருந்து கை மாற்றிக் கை மாற்றி, ஒவ்வொரு நாற்காலியாகப் பற்றிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் தோளையும் நாற்காலிக் கணக்கில் சேர்த்து, "ஸாரி தம்பி, ஸாரி தம்பி" என்று ஏறுவார். நடைபாதையை ஒட்டிய சீட் வேண்டாம். அதற்கு ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது. நடுவில் வேண்டும், இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், முடிந்தால் முன்னால் ஒரு குண்டு ஆசாமி வேண்டும்.

உட்கார்ந்த பிறகு இரண்டு பாதமும் தரையில் அழுந்திவிடும். முதுகு நாற்காலியோடு ஒட்டிவிடும். சமோசா வாங்க எழுந்திருக்க மாட்டார், பாத்ரூம் போக மாட்டார். அதற்காகவே விழுப்புரம் தாண்டியதிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டார். கூட்டம் அலை எழுப்பி வரும்போது ஊரே எழுந்து கையைத் தூக்கி உட்காரும். அண்ணாச்சி புருவத்தை மட்டும் தூக்கி இறக்குவார். சிக்ஸர் வானத்துக்குப் போனால் அண்ணாந்து பார்க்க மாட்டார்; பெரிய திரையைப் பார்ப்பார், அதில் பந்து அதிக உயரம் போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சேஷ்டைகளில் பாதிக்கு மருத்துவம் சாட்சி சொல்கிறது. நிற்கும் மனிதன் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சுவர், மரம், ஆள் எதையாவது வைத்துக் கண் அந்த ஆட்டத்தை அளந்து திருத்துகிறது. பார்க்கும் பொருளெல்லாம் வெகு தூரத்தில் இருந்தால் கண்ணுக்கு அளவுகோல் கிடைப்பதில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் உள்ளங்காலும் ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்ல, தலை கிறுகிறுக்கிறது. ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட் இதை விளக்கியவர்களில் முக்கியமானவர். உட்காருவதும், எதையாவது பிடித்துக்கொள்வதும், அருகில் இருக்கும் அசையாத பொருளைப் பார்ப்பதும் உதவும். அண்ணாந்து பார்ப்பதும் நகர்வதைப் பார்ப்பதும் கெடுக்கும். ஆக, நாற்காலி முதுகும் குண்டு ஆசாமியும் வைத்திய சாஸ்திரத்துக்கு உட்பட்டவை. பிராண்டும் அவருடைய சகாக்களும் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 28 பேர் வாழ்நாளில் எப்போதாவது உயரத்தைக் கண்டு கலங்கியவர்கள் என்று தெரிந்தது. அந்தக் கணக்கு இங்கேயும் செல்லுமானால், அண்ணாச்சியின் வரிசையிலேயே ஏழெட்டுப் பேருக்குச் செருப்பு வார் அவிழ்ந்திருக்க வேண்டும்.

இவர் பரம்பரை இப்படிப் பயந்தது அல்ல. மன்னார் வளைகுடாவின் கடலடிப் பார்களில் முத்துக் குளித்த ஊர் இது. கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, சிப்பி அள்ளிக்கொண்டு ஏறியவர்கள். 1961-ல் நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு; சங்கு குளிப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அந்தக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' ஒருவர் இல்லாமல் படகு புறப்படாது. அதைவிட முக்கியமானவர், மேலே தோணியில் கயிறு பிடிப்பவர். மனைவியின் உடன்பிறந்தானைத்தான் கயிறு பிடிக்க விடுவார்கள், தன் அக்கா தாலியை அறுக்க அவனுக்கு மனசு வராது என்பது கரையோரத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் கதை.

அண்ணாச்சி எப்போதும் மச்சினனோடுதான் சேப்பாக்கம் வருகிறார் என்பதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்.

ஒரு தடவை உடன்குடிப் பக்கத்துப் பெரியப்பாவையும் கூட்டிவந்தார்கள். பனையேறி. தேரிக்காட்டில் காலையும் மாலையும் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம் ஏறிப் பதநீர் இறக்கியவர். அந்தப் பதநீரைக் காய்ச்சினால்தான் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டி. 'பெரியவர் ஏறுவதைப் பார்த்தாவது அத்தானுக்கு ரோஷம் வரட்டும்' என்பது மச்சினனின் திட்டம். பெரியப்பா விறுவிறுவென்று மேல் வரிசைக்கு ஏறினார். திரும்பிக் கீழே பார்த்தார். உடனே அண்ணாச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பனைன்னா கட்டிப்பிடிச்சிக்கிடலாம்ல. இங்க என்னத்தல பிடிக்க?"

பிராண்ட் பக்கம் பக்கமாக எழுதியதைப் பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். பனையேறிக்குக் கை நிறைய மரம், கண்ணெதிரே சாண் தூரத்தில் பட்டை. முத்துக் குளிப்பவருக்குக் கையில் கயிறு. மேல் கேலரி ரசிகருக்குக் கையில் ஒரு பேப்பர் கப் மட்டும். அன்று இருவரும் நாற்பது ஓவரும் முழங்கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைப் பையன்கள் 'என்ன ஒரு பாசம்' என்று செல்போனில் படம் எடுத்தார்கள்.

பயத்தைப் பயத்தாலேயே அடித்தவர்களும் உண்டு. ஜெர்மன் மகாகவி கதே மாணவராக இருந்தபோது, 1770 வாக்கில், ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயக் கோபுரத்தில் ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்து தைரியம் சேர்த்து, பிறகு பிடிமானம் இல்லாத சின்ன மேடையில் போய் நிற்பாராம். தலைசுற்றல் அடங்கும்வரை திரும்பத் திரும்ப அதைச் செய்தார். இன்றைய மருத்துவர்களும் படிப்படியாகப் பழக்குவதைத்தான் சொல்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட மச்சினன் அத்தானைக் கழுகுமலைக்குக் கூட்டிப்போனான். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்த வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. அண்ணாச்சி பாதிப் பாறையில் நின்று யோசித்து ஒரு கருத்துச் சொன்னார்: "மேல இருந்து கீழ வெட்டினானே, அவன் அறிவாளி. சாரம் கட்ட வேண்டியதில்ல பாரு." அத்தோடு பாறையின்மேல் சம்மணம் போட்டுவிட்டார். சிகிச்சை அங்கேயே நின்றுபோனது.

மேட்ச் முடிந்ததும் இறங்கும் படலம். கூட்டம் முழுக்க வடியும்வரை அண்ணாச்சி எழ மாட்டார். நெரிசல் ஆகாது என்பது அறிவிக்கப்பட்ட காரணம். கப் பொறுக்குகிறவர்கள் பக்கத்து வரிசைக்கு வந்த பிறகு எழுவார். மச்சினன் இரண்டு படி கீழே, மைதானத்தை மறைத்தபடி நிற்க வேண்டும். அவன் தோளில் ஒரு கை, நாற்காலி முதுகில் ஒரு கை, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக. "மெதுவாப் போ மாப்ள, கூட்டம் தள்ளுது." பின்னால் யாரும் இல்லை.

ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள் டபிள்யூ.ஜி.சி. ரோட்டு டீக்கடையில் அண்ணாச்சியைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். மூன்றாவது ஓவரில் பாயிண்டை ஏன் பின்னுக்குத் தள்ளினான், சுழல்பந்து எந்த முனையில் திரும்பியது, எல்லாம் டீ கிளாஸையும் பிஸ்கட்டையும் வைத்து விளக்கமாக நடக்கும். அதில் பாதி, பெரிய திரையில் பார்த்தது. கேட்டுக்கொண்டிருந்த இளவட்டம் ஒன்று, "அண்ணாச்சி, அடுத்த மேட்சுக்கு நாங்களும் போறோம். லோயர் எடுக்கவா, அப்பர் எடுக்கவா?" என்று கேட்கும்.

அண்ணாச்சி தயங்கவே மாட்டார். "அப்பர்தான். ஃபீல்டிங் செட்டப்பு மொத்தமும் கண்ணுக்கு முன்னால தெரியும். லோயர்ல என்னத்தத் தெரியும்?"

முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பி பிரிக்கும்போது, குளித்தவரின் பங்கில் கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு. லீவில் ஊருக்கு வந்திருந்த மச்சினன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "அத்தான் சொல்றது சரிதான் தம்பி. கூட வாரதுக்கு ஆள் வேணும்னா எனக்கும் ஒரு டிக்கெட் சேத்துப் போட்டுருங்க. சாப்பாடு உங்களது."