ஆளும் சீப், பொருளும் சீப்பா?

கேள்வி: பாசார் மாலாமில் 'சீப்பா இருக்கே' என்றால் கடைக்காரர் சிரிக்கிறார். 'சீப்பான ஆள்' என்றால் அடிக்க வருகிறாரே, ஏன்?
– வாசகர், ஜாசின், மலாக்கா

பதில்: முன்னது சரக்கைப் பற்றியது, பின்னது சரக்குக்காரரைப் பற்றியது ஆயிற்றே!

பழைய ஆங்கிலத்தில் 'சீப்' பெயரடையே அல்ல. வியாபாரம், பேரம் என்று பொருள்படும் பெயர்ச்சொல். லண்டனில் சீப்சைடு என்றொரு தெரு உண்டு. மலிவாகக் கிடைக்கும் என்று நம்பிப் போய்விடாதீர்கள். பழைய சந்தைத் தெரு, அவ்வளவுதான். நல்ல பேரத்தை 'குட் சீப்' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் 'குட்' உதிர்ந்து, 'சீப்' மட்டும் நின்று குறைந்த விலையைக் குறித்தது. 'நல்ல' போனபின் மரியாதை எங்கே நிற்கும்? அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அற்பம் என்ற பொருளும் ஏறிக்கொண்டது.

இதன் டச்சுப் பங்காளி 'கோப்மான்', அதாவது வணிகர். 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக் கம்பெனியில் அது பதவிப் பெயர். ஆக, உங்கள் ஊரில் இந்தக் குடும்பத்துச் சொல் கௌரவமாகவே உலவியிருக்கிறது.

மலாயிலும் இதே கூத்துதான். 'மூரா' என்றால் மலிவு. 'மூராஹான்' என்றால் தரங்கெட்டது. 'மூரா ஹாத்தி' என்றாலோ தாராள மனம்! நம் 'மலிவு' மட்டும் யோக்கியம்: 'மலி' என்றால் நிறைதல். சரக்கு நிறைந்தால் விலை இறங்கத்தானே வேண்டும்?

அடுத்த முறை கடைக்காரரை 'மூரா ஹாத்தி' என்று புகழ்ந்து பாருங்கள். பீசாங் எமாஸ் ஒரு சீப்பு சீப்பாகக் கிடைக்கலாம்.